1127-இல் ஃபிளாண்டர்ஸுக்கு ஒரு கவுன்ட் தேவைப்பட்டார்: ஆறு பேரில் யார் சரியான ஆள்?

இடைக்கால ஐரோப்பாவில் பரம்பரைப் பிரபுக்கள் ஒரு சீமையை எப்படி ஆண்டார்கள் என்று கேட்டால், அப்பாவுக்குப் பின் மகன், அவருக்குப் பின் பேரன் என்று நூல் பிடித்த மாதிரி போனது என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் போனது. ஆனால் நூல் அறுந்துபோன இடங்களில்தான் அந்த ஏற்பாடு உண்மையில் எதன் மேல் நின்றது என்பது தெரிய வரும். அப்படி ஒரு இடம், இன்றைய பெல்ஜியத்தின் மேற்குப் பகுதியும் பிரான்சின் வடக்கு முனையும் சேர்ந்த ஃபிளாண்டர்ஸ்.

1127 மார்ச் 2, புரூஜ் நகரம். ஃபிளாண்டர்ஸை ஆண்ட கவுன்ட் (சீமையின் பரம்பரைப் பிரபு) சார்ல்ஸ், செயின்ட் டொனேஷியன் தேவாலயத்தில் காலை ஜெபத்தில் இருந்தபோது அவரை வாளால் வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் வெளியார் இல்லை. எரம்பால்டு குடும்பம் என்று பெயர். அதன் தலைவர் பெர்டுல்ஃப்தான் அந்தத் தேவாலயத்தின் தலைமைக் குரு, சீமையின் நிர்வாகத்துக்கே பொறுப்பாளர். இவர்கள் பூர்வீகத்தில் பண்ணையடிமைகள் என்று நிரூபித்து, மறுபடி தன் அடிமைகளாக்க சார்ல்ஸ் முயன்றார். 1124-25 பஞ்சத்தில் தானியம் பதுக்கியவர்கள் மேல் அவர் கை வைத்த கசப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. பீர் காய்ச்சத் தடை போட்டு, அவரைப் பயறும் பட்டாணியும் விதைக்கச் சொன்ன கவுன்ட் அவர். ஏழைகள் அழுதார்கள், சரி. ஆனால் பிரச்சினை வேறு: சார்ல்ஸுக்குப் பிள்ளை இல்லை. தனக்குப் பின் யார் என்று அவர் சொல்லவும் இல்லை.

அடுத்த பதினேழு மாதங்களில் நடந்ததை அந்த ஊர் நோட்டரி (ஆவணம் எழுதுபவர்) கால்பெர்ட் கிட்டத்தட்ட நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அதனால்தான் ஒன்பது நூற்றாண்டு கழித்தும் வேட்பாளர்களை வரிசையாக நிறுத்திப் பார்க்க முடிகிறது. நான் பார்க்கப்போவது புரூஜ் வணிகர் ஒருவரின் கண்ணால். இங்கிலாந்திலிருந்து கம்பளி வாங்கி, நெய்து, சந்தையில் விற்றுப் பிழைக்கும் ஊர் அது. பிரபுக்களும் பிரெஞ்சு அரசரும் வேறு கண்ணால் பார்த்தார்கள். அது தன்னால் தெரியவரும்.

முதலில் இரத்த உறவைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லாரும் வாயைத் திறந்தால் அதைத்தான் பேசினார்கள். ஐந்தாம் பால்ட்வின் என்ற பழைய கவுன்ட்டுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் வழியில்தான் பதவி போயிருக்க வேண்டும். 1071-இல் காசெல் என்ற இடத்தில் நடந்த போரில் இளைய மகன் ராபர்ட் (ஃபிரிசியன் ராபர்ட் என்பார்கள்) அண்ணன் மகனைத் தோற்கடித்துப் பதவியைப் பிடித்தார். அந்தப் பையன் போரிலேயே செத்தான். சார்ல்ஸ், இந்த ராபர்ட்டின் மகள் வயிற்றுப் பேரன். ஆக, பரம்பரை உரிமை என்று ஆரம்பித்தால், அந்தப் பரம்பரையே பிடுங்கி வந்தது என்று ஒருவர் எழுந்து சொல்ல முடியும். அப்படிச் சொன்னவர்தான் ஹைனோ சீமையின் கவுன்ட், நான்காம் பால்ட்வின். விரட்டப்பட்ட மூத்த வழியின் வாரிசு, ஐந்தாம் பால்ட்வினுக்கு ஆண்வழி எள்ளுப்பேரன். காகிதத்தில் இவருக்கு இணை யாரும் இல்லை.

ஆனால் காகிதத்தோடு சரி. 1127-இல் அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஹைனோ பக்கத்து நாடு. அவரைக் கொண்டுவந்தால், ஐம்பத்தாறு வருடம் முன் நடந்த போரில் எந்தப் பக்கம் நின்று யார் நிலம் வாங்கினார்கள் என்ற கணக்கெல்லாம் மறுபடி திறக்கும். ஃபிளாண்டர்ஸில் நிலம் வைத்திருந்த பாதிக் குடும்பங்களுக்கு அது தூக்கம் கெடுக்கும் விஷயம். அவரும் ஓடெனார்ட் என்ற ஊரைப் பிடித்துவைத்துக்கொண்டு கத்தியைக் காட்டினார். வணிகருக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஹாலந்தின் டிர்க், டென்மார்க் தொடர்புள்ள ஆர்னால்ட் இருவரையும் சீக்கிரம் பார்த்துவிடலாம். டிர்க் சிறுவன். கொலைகாரர்களைக் கோட்டைக்குள் வளைத்து வைத்திருந்த முற்றுகைக் கூட்டத்துக்கு மகனை அழைத்துக்கொண்டு வந்து, பிரபுக்களிடம் இனிக்க இனிக்கப் பேசியவர் அவன் அம்மா. அவனுக்கு ஃபிளாண்டர்ஸ் கவுன்ட்களோடு நெருங்கிய இரத்த உறவு இல்லை. அவன் தாத்தாவின் அம்மாவை ஃபிரிசியன் ராபர்ட் மறுமணம் செய்ததால் வந்த உறவு. ஆர்னால்ட், கொல்லப்பட்ட சார்ல்ஸின் சகோதரி மகன். உறவில் மிக நெருக்கம், ஆனால் பின்னால் படையும் இல்லை பணமும் இல்லை. சேன்ட்-ஓமர் நகரம் அவரை ஒரு கட்டத்தில் கொண்டாடியது, அதற்காக அபராதமும் கட்டியது. அவ்வளவுதான்.

உண்மையான போட்டி மூன்று பேருக்குள்.

ஈப்பர் நகரத்து வில்லியம்தான் களத்தில் முதலில் குதித்தவர். ஃபிரிசியன் ராபர்ட்டின் மகன் ஃபிலிப்புக்குப் பிறந்தவர், அதனால் ஆண்வழிப் பேரன். ஆனால் அப்பா அம்மாவுக்குத் திருமணம் இல்லை. அம்மா கம்பளி சிக்கெடுக்கும் பெண். கம்பளியால் பிழைத்த நாட்டில் அதைக் குறையாகச் சொன்னது வேடிக்கைதான். 1119-இலேயே ஒருமுறை சார்ல்ஸுக்கு எதிராக நின்று தோற்றவர். கொலை நடந்த ஒரு வாரத்துக்குள் ஈப்பர் சந்தைக்கு வந்திருந்த வணிகர்களைப் பிடித்து, தனக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வைத்தார்.

திறமையைக் கேட்டால், இவரைத்தான் சொல்வேன். இது பின்னால் நடந்ததைப் பார்த்துச் சொல்வது என்பது தெரியும். ஃபிளாண்டர்ஸை விட்டுப் போன பிறகு இங்கிலாந்து அரசர் ஸ்டீபனின் கூலிப்படைத் தளபதியானார். 1141-இல் அங்கே நடந்த உள்நாட்டுப் போரில் அரசர் லிங்கனில் சிறைப்பட்டபோது, இவர் களத்திலிருந்து தப்பி, படையை மறுபடி திரட்டி, அதே ஆண்டு எதிர்த்தரப்பின் முதுகெலும்பான குளோஸ்டர் ராபர்ட்டைப் பிடிக்கும் நிலைமையை உண்டாக்கினார். கைதிக்குக் கைதி மாற்றித்தான் ஸ்டீபன் வெளியே வந்தார். இப்படிப்பட்ட ஆள் புரூஜில் இருந்திருந்தால்? கேள்வி நியாயமானது. ஆனால் 1127 மார்ச்சில் நிற்கும் வணிகருக்கு இவர் மேல் தீராத சந்தேகம் ஒன்று இருந்தது: கொலைகாரர்களோடு இவருக்குத் தொடர்பு உண்டா? அந்தக் கறையைக் கழுவத்தான் அவர் ஏப்ரலில் கையில் சிக்கிய பெர்டுல்ஃபை ஈப்பரில் பகிரங்கமாகச் சித்திரவதை செய்து கொன்றார். இன்னும் யார் யார் உடந்தை, சொல் என்று கேட்டபோது, “எனக்குத் தெரிந்த அளவு உனக்கும் தெரியும்” என்று பெர்டுல்ஃப் பதில் சொன்னதாகக் கால்பெர்ட் எழுதுகிறார். அந்த ஒரு வரிக்குப் பிறகு அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தும் என்ன பயன்? பிறப்புக் குறை என்று ஊர் சொன்னது. கொலைச் சந்தேகம் மட்டும் இல்லையென்றால், பிறப்புக் குறையை எல்லாரும் மறந்திருப்பார்கள் என்பது என் ஊகம். இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமுக்கும் அதே குறைதானே இருந்தது.

அந்த வில்லியமின் பேரன்தான் அடுத்த ஆள், வில்லியம் கிளிட்டோ. பாட்டி மெடில்டா, ஐந்தாம் பால்ட்வினின் மகள். அந்த வழியில் இவர் ஐந்தாம் பால்ட்வினுக்குக் கொள்ளுப்பேரன். அப்பா வட பிரான்சின் நார்மண்டிச் சீமைப் பிரபு ராபர்ட், 1106-இலிருந்து சொந்தத் தம்பி இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் சிறையில். கிளிட்டோவுக்கு வயது இருபத்து நான்கு, நல்ல வீரர், நிலம் இல்லாத இளவரசர். அவர் வாழ்க்கையே சித்தப்பாவிடமிருந்து நார்மண்டியை மீட்பதற்குத்தான்.

இவருக்குப் பின்னால் நின்றது பிரெஞ்சு அரசர் ஆறாம் லூயி. ஃபிளாண்டர்ஸின் பெரும்பகுதி சட்டப்படி பிரெஞ்சு அரசரின் கீழ் வரும் மானிய நிலம். கிளிட்டோவின் மனைவி லூயியின் ராணிக்கு உடன்பிறப்பு முறை. திருமணம் அந்த ஜனவரியில்தான் நடந்தது. லூயி அராஸ் நகரத்துக்கு வந்து பிரபுக்களைக் கூப்பிட்டார். மார்ச் 23 அன்று அவர்கள் கிளிட்டோவைத் ‘தேர்ந்தெடுத்தார்கள்’. கூட வந்த பிரபுக்களுக்கு, கொலைகாரர்களிடமிருந்து பறித்த நிலங்களில் பங்கு. நகரங்களுக்கு? ஏப்ரல் 6 அன்று புரூஜில் அரசரும் புதிய கவுன்ட்டும் சேர்ந்து சத்தியம் செய்தார்கள்: சுங்கம் ரத்து, மனை வாடகை ரத்து. எட்டு நாள் கழித்து சேன்ட்-ஓமர் நகரத்துக்கு ஒரு சாசனம். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும்: இங்கிலாந்து அரசரான சித்தப்பாவோடு சமாதானம் ஆனால், இங்கிலாந்து முழுவதும் உங்களுக்குச் சுங்க விலக்கு வாங்கித் தருகிறேன்.

இதைப் படிக்கும் வணிகர் எங்கே யோசித்திருக்க வேண்டும்? சுங்க விலக்கு கிடைக்கும் என்பதில் இல்லை; சித்தப்பாவோடு சமாதானம் ஆகவில்லை என்பதில்தான். நம் கம்பளி வரும் நாட்டின் அரசர், நம் கவுன்ட்டை ஒழித்தே தீருவது என்று இருக்கிறார். ஹென்றி இந்த அண்ணன் மகனைத் தன் மிகப் பெரிய ஆபத்தாகப் பார்த்தவர். முன்பு அன்ஷு நாட்டுப் பெண் சிபில்லாவோடு கிளிட்டோவுக்கு நடந்த திருமணத்தையே, நெருங்கிய உறவுமுறை என்று திருச்சபையிடம் முறையிட்டு, 1124-இல் ரத்து செய்ய வைத்தவர். அப்படிப்பட்டவர் ஃபிளாண்டர்ஸ் போன்ற பணக்காரச் சீமை கிளிட்டோ கையில் போவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாரா?

இரண்டாவது விஷயம் இன்னும் அடிப்படை. கிளிட்டோ ரத்து செய்த சுங்கம் அவர் பணம் இல்லை. புரூஜின் சுங்க வருமானத்தைப் பரம்பரை மானியமாக அனுபவித்துவந்த வீரர்கள் இருந்தார்கள். எங்களையும் எங்கள் பிரபுக்களையும் கேட்காமல் எங்கள் மானியத்தை எடுத்துக் கொடுக்க நீ யார் என்று அவர்கள் கேட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதை. பரம்பரைப் பிரபுத்துவத்தின் முடிச்சு இதுதான்: கவுன்ட் என்பவர் தன் சீமையின் முழு முதலாளி இல்லை. சுங்கச்சாவடி, ஆலை, நீதிமன்ற அபராதம், கோட்டைக் காவல் எல்லாம் ஏற்கெனவே யார் யாருக்கோ தலைமுறை தலைமுறையாக எழுதிக் கொடுக்கப்பட்டவை. புதிதாக வருபவர் அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தால், ஒருவர் கையிலிருந்து பிடுங்கித்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். சில மாதங்களிலேயே கிளிட்டோ புரூஜில் சுங்கத்தை மறுபடி கேட்டார்.

அதற்கு முன்பே, 1127 ஆகஸ்ட் 1 அன்று, லீல் நகரச் சந்தையில் தன் பண்ணையடிமை ஒருவனைப் பிடிக்க ஆளனுப்பினார். சந்தை அமைதி என்பது இந்த ஊர்களுக்கு உயிர். சந்தைக்கு வந்தவனைத் தொடக் கூடாது. ஊரே ஆயுதம் எடுத்துக் கவுன்ட்டின் ஆட்களை விரட்டியது. அவர் நகரத்தை வளைத்து 1,400 மார்க் (அந்தக் கால எடை அளவு) வெள்ளி அபராதம் வாங்கினார். 1128 பிப்ரவரியில் சேன்ட்-ஓமர் கலகம், 600 மார்க். அப்புறம் கெண்ட் நகரம்.

கெண்டில் நடந்ததுதான் இந்தக் கதை முழுவதிலும் எனக்கு முக்கியம். பிப்ரவரி 16 அன்று ஆல்ஸ்ட் இவான் என்ற பிரபு நகர மக்கள் சார்பில் கிளிட்டோ முகத்துக்கு நேராகப் பேசினார். சாரம் இது: நீங்கள் எங்களுக்கும் எங்களுக்காக ஜாமீன் நின்றவர்களுக்கும் செய்த சத்தியத்தை மீறிவிட்டீர்கள். ஈப்பரில் சபை கூட்டுவோம். பிரபுக்கள், குருமார், மக்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லட்டும். நீங்கள் கவுன்ட்டாக இருக்கத் தகுதியானவர் என்றால் இருங்கள். சட்டமும் வாக்கும் மீறியவர் என்றால் விலகுங்கள், நாங்கள் தகுந்த ஆளைத் தேடிக்கொள்கிறோம். கிளிட்டோ அந்த இடத்திலேயே இவானை ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்குக் கூப்பிட்டார். மார்ச் 8-ஆம் தேதி ஈப்பருக்கு ஆயுதம் தாங்கிய படையோடு வந்தார். இவானும் கூட்டாளி டேனியலும் ஊருக்குள் நுழையாமலே ஆளனுப்பி, விசுவாசப் பிரமாணத்தை முறித்துக்கொண்டதாக அறிவித்தார்கள்.

இவான் தூய ஜனநாயகவாதி என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் சொந்தக் கணக்குகள் இருந்தன. ஆனாலும் பரம்பரைப் பதவியில் இருப்பவரிடம், இரத்தத்தைத் தள்ளிவைத்து, வாக்கைக் காப்பாற்றினாயா என்று ஊர் கேட்டது 1128-இல்.

மூன்றாவது ஆள் அல்சாஸ் தியரி. ஃபிரிசியன் ராபர்ட்டின் இன்னொரு மகள் வயிற்றுப் பேரன், சார்ல்ஸுக்குப் பெரியம்மா-சித்தி முறையில் சகோதரர். அப்பா லொரேன் பிரபு. கிளிட்டோவை விட உறவில் ஒரு படி நெருக்கம் என்பது மட்டும் இல்லை, கொல்லப்பட்டவரும் இவரும் ஒரே தாத்தாவின் பேரன்கள். கொலை நடந்த சில வாரங்களில் கடிதம் எழுதி உரிமை கேட்டவர். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தியரியின் பலவீனங்களாக 1127-இல் பட்டவை மூன்று: அரசர் ஆதரவு இல்லை, பக்கத்தில் படை இல்லை, பெரிய பணம் இல்லை. புரூஜ் வணிகருக்கு இந்த மூன்றுமே நல்ல செய்தி என்பேன். அரசர் ஆதரவு இல்லாதவர் நகரங்களை நம்பித்தான் ஆக வேண்டும். நார்மண்டியை மீட்க ஃபிளாண்டர்ஸின் பணத்தைச் செலவழிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இங்கிலாந்தோடு பகை இல்லை. மாறாக, கிளிட்டோவின் எதிரி என்பதாலேயே ஹென்றிக்கு வேண்டியவர். கம்பளி தடையில்லாமல் வரும்.

கெண்ட் மார்ச்சில் அவரை வரவேற்றது. மாதக் கடைசியில் புரூஜும் ஏற்றுக்கொண்டது. லூயி கோபத்தோடு புரூஜுக்குக் கடிதம் எழுதி, ஆட்களை அராஸுக்கு அனுப்பச் சொன்னார். வந்த பதில் அசாத்தியமானது: ஃபிளாண்டர்ஸ் கவுன்ட்டைத் தேர்ந்தெடுப்பதில் பிரெஞ்சு அரசருக்கு வேலை இல்லை, தேர்ந்தெடுப்பது நாட்டின் பெரியவர்களும் நகரவாசிகளும், கிளிட்டோவைக் கொண்டுவர அரசர் 1,000 மார்க் வாங்கிக்கொண்டாரே, அது எந்த நியாயம்? சரித்திர ரீதியாக இந்த வாதம் முழு உண்மை இல்லை. முன்பு எந்தக் கவுன்ட்டையும் நகரவாசிகள் தேர்ந்தெடுத்ததில்லை. புதிதாக எடுத்துக்கொண்ட உரிமையைப் பழைய வழக்கம் என்று சொல்வது அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான், பிரபுக்கள் உட்பட.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போர்க்களத்தில் தியரி கிளிட்டோவுக்கு ஈடு இல்லை. ஜூன் 21 அன்று ஆக்ஸ்போலே என்ற இடத்தில் கிளிட்டோ பின்வாங்குவது போல் நடித்து, ஒளித்து வைத்த படையை ஏவி, தியரியைத் துரத்தினார். வெறும் போர்த்திறமையை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்றால் கிளிட்டோவுக்குத்தான் ஓட்டு. கெண்டும் புரூஜும் தவறான குதிரை மேல் பணம் கட்டிவிட்டதாக அந்தக் கோடையில் பலருக்குத் தோன்றியிருக்கும். தோற்ற பிறகும் அவர்கள் தியரியை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆல்ஸ்ட் முற்றுகையில் கிளிட்டோவுக்குக் கையில் காயம் பட்டது, புரையோடியது. ஜூலை இறுதியில் இறந்தார். வாரிசு இல்லை. லூயியும் ஹென்றியும் தியரியை ஏற்றுக்கொண்டார்கள்.

அதிர்ஷ்டம் தானே என்று கேட்கலாம். போரின் முடிவு அதிர்ஷ்டம்தான். ஆட்சி நிலைத்ததை அப்படிச் சொல்ல முடியாது. கிளிட்டோ பிழைத்திருந்தாலும் ஒவ்வொரு நகரமாக முற்றுகை போட்டு அபராதம் வாங்கித்தான் ஆண்டிருப்பார். அந்தப் பணமும் நார்மண்டிக்குப் போயிருக்கும். தியரி 1168 வரை நாற்பது ஆண்டுகள் ஆண்டார். நான்கு முறை புனித பூமிக்குப் போய்வந்தார், அதில் மாதக்கணக்கில் ஊரில் இல்லை, சீமை கலையவில்லை. அவர் இரண்டாவதாக மணந்தது யாரை என்றால், கிளிட்டோவிடமிருந்து ஹென்றி பிரித்துவைத்த அதே சிபில்லாவை.

1147-இல் தியரி சிலுவைப் போருக்குப் போனபோது ஆட்சிப் பொறுப்பு சிபில்லாவிடம் இருந்தது. அவர் பிரசவித்த நேரம் பார்த்துப் படையெடுத்து வந்தவர் வேறு யாரும் இல்லை, காகிதத்தில் எல்லாரையும் விட உரிமை அதிகம் உள்ள ஹைனோ பால்ட்வின். சிபில்லா பதிலுக்கு அவர் நாட்டுக்குள் புகுந்து அழித்து, விரட்டியடித்தார். அந்த மூத்த வழிக்குக் கடைசியில் ஃபிளாண்டர்ஸ் கிடைக்காமல் போகவில்லை. தியரியின் மகளை பால்ட்வினின் மகன் திருமணம் செய்தார்; தியரியின் மகன் ஃபிலிப் 1191-இல் புனித பூமியில் ஆக்ர் முற்றுகையில் பிள்ளையில்லாமல் இறந்தபோது, சீமை மனைவி வழியாக மருமகன் கைக்கு வந்தது. காசெல் போருக்கு 120 ஆண்டு கழித்து, அதிகம் சண்டை போடாமல்.